குளத்தின் உயிருள்ள, உயிரற்ற காரணிகளை ஆராய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

சூழல் மண்டலத்தில் உயிருள்ளவை எவை, உயிரற்றவை எவை என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் பட்டியல் போட்டுவிடலாம். வெயில், நீர், மண், மீன், தவளை, பாசி. இதற்காகக் குளக்கரை வரை நடக்கத் தேவையே இல்லை. கரைக்குப் போய்ச் செய்ய வேண்டிய வேலை வேறு. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டையும் அளக்க வேண்டும். எது எதை மாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தவறவிட்டுத்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு சிறு குளத்தை வைத்துக்கொள்வோம். எல்லை தெளிவாகத் தெரியும், ஒரு நாளில் சுற்றி வரலாம், நிலமும் நீரும் சந்திக்கும் இடமும் கிடைக்கும்.

## 1. கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

“இந்தக் குளத்தின் சூழலை ஆராய்வோம்” என்று கிளம்பினால், எதை அளப்பது எதை விடுவது என்று தெரியாமல் மாலை வரை சுற்றிக்கொண்டிருப்பீர்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும். “மரநிழல் விழும் கரையிலும் வெயில் படும் கரையிலும் வாழும் உயிரினங்கள் எப்படி வேறுபடுகின்றன?” என்பது நல்ல கேள்வி.

ஏன் நல்லது? இரண்டு இடங்களுக்கும் நீர் ஒன்று, மழை ஒன்று. பெரிய வேறுபாடு ஒளியில்தான். ஒரே ஒரு காரணி மட்டும் மாறும் இரண்டு இடங்களை ஒப்பிட்டால்தான் முடிவில் எதையாவது உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு குளத்தையும் ஒரு ஓடையையும் ஒப்பிட்டால் ஒளி, ஓட்டம், ஆழம், அடிமண் எல்லாம் ஒன்றாக மாறிவிடும். அப்புறம் எந்த வேறுபாட்டுக்கு எது காரணம் என்று பிரிக்கவே முடியாது.

## 2. கிளம்பும் முன் தயாராக இருக்க வேண்டியவை

உயிரற்ற காரணிகளுக்கு: கயிறு கட்டிய வெப்பமானி, பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளக்கும் தாள் அல்லது மீட்டர், கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சோதனைப் பெட்டி, அளவுநாடா, 20 செ.மீ. விட்டமுள்ள கருப்பு வெள்ளைத் தட்டு. தட்டை நீங்களே செய்யலாம். வட்டமான பலகையை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றிக் கருப்பும் வெள்ளையும் பூசி, அடியில் எடை கட்டி, நடுவில் அளவு குறித்த கயிறு கட்டினால் போதும்.

உயிருள்ளவற்றுக்கு: கைவலை (கண்ணி அளவு சுமார் 1 மி.மீ.), வெள்ளைத் தட்டம் இரண்டு, கைலென்ஸ், சிறு கிண்ணங்கள், 50 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டம். தட்டம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நீர்ப்பூச்சிகளில் பெரும்பாலானவை சேற்று நிறம்; வேறு நிறத் தட்டத்தில் அவை அசையாமல் இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் கரைந்துவிடும். அட்டவணைக் கட்டங்களை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள். ஈரக்கையோடு கரையில் உட்கார்ந்து கோடு போடும்போதுதான் பாதி அளவீடுகள் விட்டுப்போகும்.

மீட்டர் வைத்திருந்தால் கிளம்பும் அன்றே பி.எச். 7 கரைசலிலும், இன்னொரு தெரிந்த கரைசலிலும் சரிபார்த்துவிடுங்கள். இரண்டு வெப்பமானிகள் இருந்தால் இரண்டையும் ஒரே பாத்திர நீரில் வைத்துப் பாருங்கள். அங்கேயே அரை டிகிரி வேறுபட்டால், பிறகு இரண்டு கரைகளுக்கும் இடையே தெரியும் அரை டிகிரி வேறுபாட்டுக்கு அர்த்தமில்லை.

பாதுகாப்பு: தனியாகப் போக வேண்டாம். கால் வைக்கும் முன் கோலால் ஆழம் பாருங்கள். கையில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

## 3. அளக்கும் புள்ளிகளைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது

பூச்சி நிறைய இருக்கும் இடம், செடி அடர்ந்த இடம் என்று கால் தானாகப் போகும். அப்படி எடுத்தால் குளம் இருப்பதைவிடச் செழிப்பாகக் குறிப்பேட்டில் தெரியும்.

கரையோரம் 20 மீட்டருக்கு அளவுநாடாவை விரியுங்கள். 1 முதல் 20 வரை எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொரு கரைக்கும் 5 புள்ளிகளாவது எடுங்கள். வந்த எண்ணில் வெறும் சேறுதான் இருக்கிறதா? சரி, அதையும் அளக்கத்தான் வேண்டும். வெறுமையும் ஒரு தகவல்தான்.

## 4. உயிரற்ற காரணிகளை முதலில் அளந்துவிடுங்கள்

மிக அதிகமாக மீறப்படும் விதி இது. மீனையும் தலைப்பிரட்டையையும் பார்த்ததும் வலையோடு இறங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒரு காலடி வைத்தாலே அடிச்சேறு கிளம்பிவிடும். நீர் கலங்கும், ஆக்சிஜன் அளவு மாறும், அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே கலக்கும். அதற்குப் பிறகு நீங்கள் அளப்பது குளத்தை அல்ல, உங்கள் காலடியை.

நேரமும் வானிலையும். எதையும் தொடும் முன் மணி, மேகம், காற்று, கடைசியாக மழை பெய்தது எப்போது என்பதை எழுதுங்கள். இவை இல்லாமல் மற்ற எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது.

வெப்பநிலை. காற்றின் வெப்பநிலையை நிழலில், உலர்ந்த வெப்பமானியால் எடுங்கள். வெயிலில் பிடித்தால் வெப்பமானி தன்மேல் விழும் வெயிலையும் சேர்த்துக் காட்டும். ஈரமாக இருந்தால் ஆவியாதல் அதைக் குளிர்வித்துக் குறைத்துக் காட்டும். அதனால் காற்று முதலில், நீர் பிறகு. நீரில் மேற்பரப்பிலும் அடியிலும் தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொரு முறையும் எண் நிலைக்கும் வரை காத்திருங்கள்.

ஒளி ஊடுருவும் ஆழம். கருப்பு வெள்ளைத் தட்டை நீரில் மெதுவாக இறக்குங்கள். முதலில் வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையே உள்ள கோடு மங்கும், அப்புறம் வெள்ளை பச்சையாகும், பிறகு ஏதோ ஒரு வெளிறிய திட்டு மட்டும் மிஞ்சும், அதுவும் போய்விடும். அந்த ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே இழுத்து, மறுபடி தெரியத் தொடங்கும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அளவு. பொதுவாக அதன் 2 முதல் 3 மடங்கு ஆழம் வரை ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி போகும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் வழக்கமான பிழை ஒன்று உண்டு. தட்டு மறையும் முன்பே தரையைத் தொட்டுவிடும். அந்த ஆழத்தையே அளவாக எழுதிவிடுவார்கள். “தரை வரை தெரிந்தது” என்றுதான் எழுத வேண்டும். நீர் அதைவிடத் தெளிவானது என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும்.

கரைந்த ஆக்சிஜன். பாட்டிலை நீருக்குள் சாய்த்து மெதுவாக நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். குமிழ் ஒன்று உள்ளே மாட்டினாலும் அதிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைந்து அளவைக் கூட்டிவிடும். சோதனையைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் வீடு வரும் வரை மூச்சுவிட்டுக்கொண்டேதான் வரும்.

வெப்பநிலை இல்லாமல் ஆக்சிஜன் எண்ணைப் படிக்காதீர்கள். காற்றோடு சமநிலையிலுள்ள நன்னீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 தான். ஆகவே 30 டிகிரி நீரில் 7.5 என்பது கிட்டத்தட்ட நிறைந்த அளவு. அதே 7.5 குளிர்ந்த நீரில் வந்தால், எங்கோ ஆக்சிஜன் செலவாகிக்கொண்டிருக்கிறது.

பி.எச். 7 என்பதற்கும் 8 என்பதற்கும் இடையே ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் அயனிச் செறிவில் அது 10 மடங்கு வேறுபாடு.

அடிமண். இது கடைசி, ஏனெனில் இதுதான் நீரைக் கலக்கும். ஒரு ஒளிபுகும் குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்முனையை மூடி, கலையாமல் வெளியே எடுங்கள். மேலே மெல்லிய பழுப்புப் படலம் இருக்கும், அதன்கீழ் கருஞ்சேறு. பழுப்புப் பகுதி வரை ஆக்சிஜன் எட்டுகிறது, கருப்பில் எட்டவில்லை. கருஞ்சேற்றில் வரும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களின் வேலை அது. இந்தப் படலத்தின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். விலையுயர்ந்த கருவி இல்லாமலே குளத்தின் அடியைப் பற்றி இவ்வளவு சொல்லும் வேறு அளவீடு எனக்குத் தெரிந்து இல்லை.

## 5. உயிருள்ளவற்றை எண்ணும் வரிசை

முதல் 10 நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் நடந்து வந்த சத்தத்தில் தவளைகள் குதித்திருக்கும், பறவைகள் எழும்பியிருக்கும். அசையாமல் இருந்தால் திரும்பி வரும். வலையை எடுத்தபின் இந்த வாய்ப்பு கிடைக்காது.

அடுத்து செடிகள், அவை எங்கும் ஓடப்போவதில்லை. சதுரச் சட்டத்தைப் புள்ளியில் வைத்து, ஒவ்வொரு வகையும் எத்தனை சதவீதப் பரப்பை மூடியிருக்கிறது என்று மதிப்பிடுங்கள். புல், கோரை, பாசி போன்றவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாது. எது ஒரு செடி, எது இரண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதே என்று சிலர் எண்ணைத் திருத்துவார்கள். திருத்த வேண்டாம். மேலே கோரையும் அதன் நிழலில் பாசியுமாக அடுக்கடுக்காக இருந்தால் 100-ஐத் தாண்டத்தான் செய்யும்.

பிறகு நீர்ப்பரப்பின் மேல் ஓடும் பூச்சிகள், அதன்பின் நீருக்குள் வலை, கடைசியில் சேறு. வலை வீசும் எண்ணிக்கையும் தூரமும் எல்லாப் புள்ளிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கரையில் 5 வீச்சு, இன்னொரு கரையில் ஆர்வத்தில் 8 வீச்சு என்றால், வேறுபாடு குளத்தில் இல்லை, கையில் இருக்கிறது.

வலையில் வந்ததைத் தட்டத்தில் கொட்டிவிட்டு உடனே தேடாதீர்கள். முதலில் வெறும் சருகும் சேறும்தான் தெரியும். இரண்டு நிமிடம் போகட்டும். ஒரு குச்சித் துண்டு நடக்கத் தொடங்கும். உள்ளே இலைத்துணுக்கால் கூடு கட்டிய புழு இருக்கும். இலையென்று நினைத்தது தட்டான்பூச்சியின் இளம்பருவமாக இருக்கும். அதை உடனே தனிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். அது வேட்டையாடி, விட்டுவைத்தால் நீங்கள் எண்ண வேண்டியவற்றைத் தட்டத்திலேயே பிடித்துத் தின்றுவிடும்.

இனப்பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். “நத்தை வகை 1, நத்தை வகை 2” என்று எழுதி, படம் வரைந்துகொண்டால் போதும். தவறான பெயரைவிட இது எவ்வளவோ மேல். எண்ணி முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

நேரில் பார்க்க முடியாதவற்றின் தடயங்களையும் சேருங்கள்: சேற்றில் பறவைக் காலடி, எச்சம், கோரைத்தண்டில் ஒட்டியிருக்கும் தட்டானின் உரிந்த தோல்.

## 6. சிதைப்பவற்றை விட்டுவிடாதீர்கள்

செடி எழுதுவார்கள், விலங்கு எழுதுவார்கள். பாக்டீரியாவும் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாததால் அட்டவணையிலேயே இருக்காது. அவற்றைப் பார்க்க முடியாவிட்டாலும் அவை செய்யும் வேலையை அளக்கலாம்.

ஒரே மரத்தின் உலர்ந்த சருகை 10 கிராம் வீதம் எடைபோட்டுப் பைகளில் கட்டுங்கள். பாதிப் பைகள் நுண்கண்ணி வலை, மீதி பெருங்கண்ணி. குளத்தடியில் கல் கட்டி இறக்கிவிட்டு, 4 வாரம் கழித்து எடுத்து, கழுவி, நன்றாக உலர்த்தி எடைபோடுங்கள். நுண்கண்ணிப் பைக்குள் பெரும்பாலும் நுண்ணுயிர்கள்தான் நுழைய முடியும். பெருங்கண்ணியில் சருகு தின்னும் சிறு விலங்குகளும் வரும். இரண்டின் எடைக்குறைவுக்கும் உள்ள வேறுபாடு அந்த விலங்குகளின் பங்கைக் காட்டும்.

ஒன்றிரண்டு பைகளை 2 நாளிலேயே எடுத்துப் பாருங்கள். அதற்குள்ளேயே எடை குறைந்திருக்கும். சருகிலிருந்து கரையக்கூடிய பொருட்களை நீர் கழுவிக்கொண்டு போய்விடுவதுதான் முக்கியக் காரணம். அது உயிரற்ற காரணியின் வேலை. இதைக் கழிக்காமல் மொத்தக் குறைவையும் நுண்ணுயிர் கணக்கில் எழுதுவது பரவலான தவறு.

## 7. இரண்டுங்கெட்டான் பொருட்களுக்கு விதி

காய்ந்த இலை, செத்த மரம், காலி நத்தை ஓடு, சாணம். இவை உயிருள்ளவையா, உயிரற்றவையா? இந்த விவாதத்தில் ஒரு மணி நேரம் போகும். சில நூல்கள் உயிரிலிருந்து வந்த எதையும் உயிர்க் காரணியில் சேர்க்கும். சில நூல்கள் மட்கையும் கரிமப் பொருளையும் உயிரற்றதில் வைக்கும். எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் தொடங்கும் முன் விதியை எழுதி, கடைசி வரை மாற்றாதீர்கள்.

நான் பரிந்துரைப்பது அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசை ஒன்று: “இறந்த கரிமப் பொருள்”. குளத்தில் உயிருக்கும் உயிரற்றதற்கும் நடுவே சத்துகள் போய்வரும் வழியே இதுதான். ஒரு பக்கம் ஒதுக்கினால் அந்தப் போக்குவரத்து மறைந்துவிடும்.

## 8. அம்புக்குறிகள்: இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது

இப்போது ஒரு தாளில் அளந்த உயிரற்ற காரணிகளை இடப்பக்கமும் உயிரினங்களை வலப்பக்கமும் எழுதுங்கள். எது எதை மாற்றுகிறதோ அதற்கு அம்பு போடுங்கள். புதியவர்கள் எல்லா அம்பையும் இடமிருந்து வலமாகவே போடுவார்கள்: ஒளி செடியை வளர்க்கிறது, நீர் மீனை வாழவைக்கிறது. வலமிருந்து இடமாக வரும் அம்புகளை வேண்டுமென்றே தேடுங்கள்.

பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் நீரின் பி.எச். ஏறுகிறது, பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் 9-ஐத் தாண்டக்கூடும். ஆக்சிஜனும் ஏறுகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று எல்லா உயிர்களும் மூச்சு மட்டும் விடுவதால் இரண்டும் இறங்குகின்றன. விடியும் முன் ஆக்சிஜன் அடிமட்டம். ஆகவே நீங்கள் அளந்த “உயிரற்ற” எண்ணில் பாதி, உயிர்கள் எழுதிய எண்.

ஒரு சங்கிலியை முழுதாகத் தொடர்ந்து பாருங்கள். மிதக்கும் செடிகள் குளத்தை மூடுகின்றன. உள்ளே ஒளி குறைகிறது. நீரடிச் செடிகள் மடிகின்றன. அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனைத் தின்கின்றன. அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சுத் திணறும். விடியலில் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். காலையில் மீன்கள் செத்து மிதப்பதைப் பார்த்து “யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்” என்பார்கள். விடியலில் ஆக்சிஜனை அளந்திருந்தால் பல நேரங்களில் காரணம் அங்கேயே கிடைத்திருக்கும்.

அதே நீரில் கொசுப்புழு கவலையில்லாமல் இருக்கும், ஏனெனில் அது குழாய் வழியாக மேலேயிருக்கும் காற்றைச் சுவாசிக்கிறது. சேற்றிலுள்ள சிவந்த ரத்தப்புழுக்களும் தாக்குப்பிடிக்கும். அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் கிடைக்கும் சொற்ப ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். நீருக்குள் வளரும் மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவங்களில் பெரும்பாலானவை தாங்காது. “பூச்சி நிறைய இருக்கிறது, குளம் நலமாக இருக்கிறது” என்று எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். எத்தனை என்பதோடு எவை என்பதும் வேண்டும்.

## 9. சேர்ந்து மாறுவதெல்லாம் காரணமாகிவிடாது

நிழல் கரையில் நத்தை அதிகம் என்று கண்டீர்கள். ஒளிதான் காரணமா? நிழல் தரும் மரம் சருகையும் உதிர்க்கிறது. நத்தை சருகுக்காக வந்திருக்கலாம். அளவீடு சந்தேகத்தைத் தரும், விடையைச் சோதனைதான் தரும்.

இதற்குச் சூழலியலாளர் ஜோசப் கானெல் ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் செய்து 1961-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல முன்மாதிரி. இரண்டு வகைக் கொட்டலசுகள், அதாவது பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிறு கடலுயிரிகள். ஒன்று பாறையின் மேற்பகுதியில், மற்றது கீழே. மேலே இருப்பதற்குக் கீழ்ப்பகுதி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் கீழே இருந்த வகையைச் சுரண்டி அகற்றியபோது, மேல் வகை கீழ்ப்பகுதியிலும் நன்றாகவே வாழ்ந்தது. அதைக் கீழே வரவிடாமல் தடுத்தது போட்டி, அதாவது உயிருள்ள காரணி. கீழ் வகையை மேலே ஏறவிடாமல் தடுத்ததோ வெயிலில் காய்ந்துபோதல், உயிரற்ற காரணி. ஒரே பாறையில் ஒரு எல்லை உயிர் போட்டது, இன்னொரு எல்லை உலர்தல் போட்டது.

நீங்களும் சிறிதாகச் செய்யலாம். வெயில் கரையில் 3 புள்ளிகளின் மேல் நிழல்வலை கட்டுங்கள், 3 புள்ளிகளில் சருகு மட்டும் போடுங்கள், 3 புள்ளிகளை அப்படியே விடுங்கள். சில வாரம் கழித்து நத்தைகளை எண்ணுங்கள். தொடாத 3 புள்ளிகளைச் சிலர் வீண் என்று விட்டுவிடுவார்கள்; அவை இல்லாவிட்டால், மாற்றம் வலையால் வந்ததா, பருவம் மாறியதால் வந்ததா என்று சொல்ல வழியில்லை.

## 10. மறுபடி போய் அளப்பதும் எழுதிவைப்பதும்

ஒரே புள்ளிகளில் விடியலிலும் பிற்பகலிலும் அளந்து பாருங்கள். ஒரு கரையைக் காலையிலும் இன்னொன்றைப் பிற்பகலிலும் அளந்துவிட்டு ஒப்பிட்டால், தெரிவது கரைகளின் வேறுபாடு அல்ல, நேரத்தின் வேறுபாடு. இரு கரைப் புள்ளிகளையும் மாற்றி மாற்றி அளந்தால் இது தவிர்க்கப்படும். பெரிய மழைக்குப் பிறகு ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை போனால் இன்னும் நல்லது.

சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மூல எண்களை எறிந்துவிடாதீர்கள். “தெளிவான நீர்”, “நிறைய பாசி” போன்ற சொற்கள் அடுத்த முறை ஒப்பிட உதவாது, 45 செ.மீ., 60 சதவீதம் என்று அலகோடு இருக்கட்டும். தேடிப்பார்த்தும் கிடைக்காததற்கு 0 போடுங்கள், தேடவே இல்லாததற்குக் கோடு போடுங்கள். இரண்டையும் காலியாக விட்டால், குளத்தில் தலைப்பிரட்டை இல்லையா, அன்று யாரும் பார்க்கவில்லையா என்பது அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது.